இறந்தவன் பட்ட கடன்

கடன் கொடுத்தவனுக்கும் கடன் பட்டவனுக்கும் இடையே நடைபெறும் போராட்டம் மிகப் பழமையானது. அப்போராட்டத்தின் நடுவே மரணம் வந்து குறுக்கிட்டால் என்ன ஆகும்? நீதிமன்றம் வழக்கை விசாரித்துத் தீர்ப்பளித்துவிட்டது. இன்ன தொகையை இன்னார்க்குச் செலுத்துக என்று டிக்ரியும் பிறந்துவிட்டது. ஆனால், செலுத்த வேண்டியவன் கண்ணை மூடிவிட்டான். அவனோடு அந்த டிக்ரியும் மடிந்ததா? மடியவில்லை எனில், தொகையை யாரிடம், எதிலிருந்து பெறுவது? இந்த ஒரு கேள்விக்கு நம் நாடு பல நூற்றாண்டுகளாகச் சொல்லி வந்த விடைகளைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

உயிரோடிருக்கும் கடனாளியை மடக்குவதற்கு நம் முன்னோர் கண்ட வழிகள் பல. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகத்தின் கடற்கரைக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ ஒரு விந்தையான வழக்கத்தைக் குறித்து வைத்திருக்கிறார். பன்முறை கேட்டும் கடனைத் தராமல் நாள் கடத்துகிறவனைக் கொடுத்தவன் சமயம் பார்த்து அணுகி, அவனைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் கீறிவிடுவானாம். பணம் கொடுக்காமலோ பிணை காட்டாமலோ அவன் அவ்வட்டத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் மரண தண்டனை. குதிரைமீது வந்துகொண்டிருந்த அரசனையே ஓர் அயல்நாட்டு வணிகன் இவ்வாறு வட்டமிட்டு நிறுத்தினான் என்றும், வணிகனின் மனம் நிறைவடையும் வரையில் அரசன் அவ்விடத்தைவிட்டு அகலவில்லை என்றும், இதைத் தாமே கண்டதாகவும் அவர் எழுதுகிறார்.

வடநாட்டில் 'தர்ணா' என்னும் முறை இருந்தது. கடன் கொடுத்தவன் கடனாளியின் வாயிலில் பட்டினி கிடப்பான். அவன் உண்ணாதவரை உள்ளே இருப்பவனும் உண்ண இயலாது. 1860ஆம் ஆண்டு இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டம், தெய்வக் குற்றம் நேரும் என்று நம்பச் செய்து ஒருவனை வற்புறுத்துவதைக் குற்றமாக்கியபோது, அதற்கு எடுத்துக்காட்டாகக் காட்டியது இந்தத் தர்ணாவைத்தான்.

வட்டமும் தர்ணாவும் உயிருள்ள உடலையும் அதனுள் இருக்கும் அச்சத்தையும் நம்பியவை. உடல் சுடுகாட்டுக்குப் போனபின் அவற்றால் பயன் இல்லை. அப்போதுதான் சாத்திரம் முன்வந்தது.

தர்மசாத்திர ஆசிரியர்கள் கடனை வெறும் பண விவகாரமாகக் கருதவில்லை. கடனைத் தீர்க்காமல் மாண்டவன் மறுபிறவியில் கொடுத்தவன் வீட்டில் அடிமையாகவோ நாற்கால் விலங்காகவோ பிறந்து உழைத்துக் கழிப்பான் என்று அவர்கள் நம்பினார்கள். ஆகவே தந்தையை அத்துன்பத்தினின்று மீட்பது மகனுடைய கடமை. தந்தை விட்டுச் சென்ற சொத்து ஒன்றுமில்லை என்றாலும் அக்கடமை நீங்காது. மகன் முதலையும் வட்டியையும் தர வேண்டும். பேரன் முதலை மட்டும் தந்தால் போதும். அதற்கு அப்பால் கட்டாயம் இல்லை என்று ஸ்மிருதிகள் படி வகுத்தன.

இதற்கு விலக்கும் உண்டு. கள்ளுக்கும் காமத்துக்கும் சூதுக்கும் பட்ட கடன், செலுத்தாமல் நின்ற தண்டம், பாக்கி நின்ற சுங்கம், வீண் கொடை ஆகியவற்றை மகன் தர வேண்டியதில்லை என்று யாக்ஞவல்கிய ஸ்மிருதி கூறுகிறது. தந்தையின் கடனுக்கு மகன் பொறுப்பு. தந்தையின் கேட்டுக்கு அவன் பொறுப்பல்லன் என்பது இதன் உட்கருத்து.

ஆனால் அதே ஸ்மிருதியில் இன்னொரு குரலும் கேட்கிறது. இறந்தவனுடைய பொருளை எவன் எடுத்துக்கொள்கிறானோ அவனே கடனைத் தரச் செய்யப்பட வேண்டும் என்பது அது. மகனா, தம்பியா, அயலானா என்ற கேள்விக்கு இங்கு இடமில்லை. பொருள் யார் கையில் போயிற்றோ அவர் கையைத் தேடிக் கடனும் போகிறது.

நேயர்கள் இந்த இரு குரல்களையும் நினைவில் நிறுத்த வேண்டுகிறேன். ஒன்று, கடன் இரத்தத்தைப் பின்பற்றுகிறது என்பது. மற்றொன்று, கடன் பொருளைப் பின்பற்றுகிறது என்பது. பின்னால் வந்த வரலாறு முழுவதும் இவ்விரண்டுக்கும் இடையே நடந்த வழக்கே என்று எனக்குத் தோன்றுகிறது.

பிற நாட்டாரும் இவ்வழக்கிலே சிக்கியவர்களே. பழைய உரோமானியச் சட்டத்தில் வாரிசாக ஏற்றவன் இறந்தவனின் கடன் முழுவதையும் தன் சொந்தப் பொருளிலிருந்தும் தர வேண்டியிருந்தது. ஜஸ்டீனியன் பேரரசன் 531ஆம் ஆண்டில்தான், சொத்துகளை முறைப்படி பட்டியலிட்டுக் காட்டும் வாரிசு அப்பட்டியலின் அளவுக்கு மேல் பொறுப்பல்லன் என்று விதித்தான். இசுலாமியச் சட்டம் தொடக்கத்திலிருந்தே ஒழுங்கான வரிசை வகுத்தது. இறந்தவன் பொருளிலிருந்து முதலில் அடக்கச் செலவு, பிறகு கடன், பிறகு மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத உயில் கொடை, எஞ்சியதே வாரிசுகளுக்கு.

இங்கிலாந்தின் நிலைதான் வியப்புக்குரியது. அங்கே, நிலத்தை ஈடு வைக்காமல் வெறும் ஒப்பந்தத்தின்பேரில் பட்ட கடனுக்கு இறந்தவனின் நிலத்தைத் தொட முடியாதென்ற விதி நெடுங்காலம் நிலவியது. வணிகருடைய நிலத்துக்கு மட்டும் 1807இல் இவ்விதி தளர்ந்தது. எல்லாருடைய நிலமும் கடனுக்கு உட்பட்டது 1833இல்தான். இந்த மரபில் வளர்ந்த நீதிபதிகளே நம் நாட்டு நீதிமன்றங்களில் அமர்ந்து, ஸ்மிருதிகளின் மொழிபெயர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு, இறந்த இந்தியனின் கடன்களுக்குத் தீர்ப்புச் சொல்லத் தொடங்கினார்கள்.

பம்பாய் மாகாணத்தில் அவர்கள் சாத்திரத்தின் முதற் குரலை எழுத்துக்கு எழுத்து ஏற்றார்கள். தந்தையிடமிருந்து ஒரு காசும் பெறாத மகன்மீதும் கடன் சுமந்தது. தலைமுறை தலைமுறையாக இந்தப் பாரம் இறங்குவதைக் கண்ட அரசினர் 1866ஆம் ஆண்டின் 7ஆவது பம்பாய்ச் சட்டத்தை இயற்றினர். மகனோ பேரனோ வேறு வாரிசோ, தம் கைக்கு வந்த முன்னோர் சொத்தின் அளவுக்கே பொறுப்பு என்று அச்சட்டம் வரம்பு கட்டியது. சென்னையிலும் பிற இடங்களிலும் பொறுப்பு சொத்தின் அளவோடு நிற்கும் என்ற கொள்கையே நிலைத்தது.

அப்படியானால் எது தந்தையின் சொத்து? கேள்வி இப்போது இங்கே வந்து நின்றது. மிதாக்ஷர முறைப்படி பரம்பரைச் சொத்தில் மகனுக்குப் பிறப்பாலேயே பங்குண்டு. தந்தை இறந்ததும் அவருடைய பங்கு மற்றவர்களின் பங்கோடு கலந்துவிடும். அதைப் பிரித்துக் காட்ட இயலாது. "இது எனக்குப் பிறப்புரிமையாக வந்தது, தந்தையிடமிருந்து வந்ததன்று" என்று மகன் சொன்னால், டிக்ரி வைத்திருப்பவர் எதைப் பற்றுவார்?

இலண்டனில் அமர்ந்திருந்த பிரிவி கவுன்சில் 1874இல் கிர்தாரிலால் வழக்கில் இதற்கு விடை கூறியது. தந்தையின் கடன் ஒழுக்கக்கேட்டால் விளைந்ததாக இல்லையெனில், அதைத் தீர்ப்பது மகனின் அறக் கடமை. எனவே பரம்பரைச் சொத்தைத் தன் பிறப்புரிமை காட்டி அவன் காத்துக்கொள்ள முடியாது என்பது அத்தீர்ப்பின் சாரம். இவ்வாறு, ஆன்மாவை மீட்பதற்காகச் சாத்திரம் சொன்ன கடமை, நிலத்தை ஏலத்துக்குக் கொண்டுவரும் கருவியாயிற்று.

இந்தத் தத்துவம் தமிழ்நாட்டு மண்ணில் சோதிக்கப்பட்ட இடம் சிவகிரி. அன்றைய திருநெல்வேலிச் சீமையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், இன்று தென்காசி மாவட்டத்தில் அடங்கியுள்ள ஊர் அது. சிவகிரி ஜமீன் பாகப்பிரிவினைக்கு உட்படாதது. ஒருவருக்குப் பின் ஒருவராகவே இறங்கி வருவது. தந்தையாகிய ஜமீன்தார் பட்ட கடனுக்காக, அவர் காலத்துக்குப் பின் மகன் கையிலிருந்த ஜமீனைப் பற்ற முடியுமா என்பது வழக்கு. முத்தையன் செட்டி ஒருபுறம். சங்கிலி வீரபாண்டிய சின்னத்தம்பியார் மறுபுறம். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தைக் கடந்து பிரிவி கவுன்சில்வரை சென்றது. 1882இல் தீர்ப்பு வந்தது. பங்கிட முடியாத ஜமீன் என்ற காரணம் ஒன்றே அதைக் கடனிலிருந்து காக்காது. தந்தைக்குப் பின் மகன் கைக்கு இறங்கி வந்த அச்சொத்து, தகாத வழியில் படாத தந்தையின் கடனுக்கு உட்பட்டதே என்று பிரபுக்கள் முடிவு செய்தார்கள்.

மகனுக்கு எஞ்சிய ஒரே கேடயம் சாத்திரம் சொன்ன விலக்கு. தந்தை பட்டது தகாத கடன் என்று அவன் மெய்ப்பிக்க வேண்டும். மெய்ப்பிக்கும் பாரமும் அவன்மேலேயே விழுந்தது. இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். தந்தையின் பெயரைக் காப்பதற்காகத் தோன்றிய விதி, நிலத்தைக் காக்க விரும்பும் மகனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, "என் தந்தை குடிகாரர், என் தந்தை தாசி வீடே கதியாகக் கிடந்தார்" என்று ஊரறியச் சொல்ல வைத்தது. அதுவும் பொதுவாகச் சொன்னால் போதாது. இன்ன கடன் இன்ன கேட்டுக்காகவே வாங்கப்பட்டது என்று தொடர்பு காட்ட வேண்டும் என நீதிமன்றங்கள் வற்புறுத்தின. பக்தியின் பெயரால் பிறந்த ஒரு சட்டம் பிதிர் நிந்தனையில் கொண்டுபோய் விட்டது என்பதே இவ்வரலாற்றில் என்னை மிகவும் வருத்தும் பகுதி.

கடன் பட்டவர் தந்தையாக இல்லாமல் அண்ணனாகவோ சிற்றப்பனாகவோ இருந்தால் நிலைமை நேர்மாறு. உடன்பிறந்தானுக்கு அறக் கடமை இல்லை. இறந்தவனின் பங்கு பிழைத்திருப்பவர்களிடம் கடனின்றிச் சேர்ந்துவிடும். அதைத் தடுக்க ஒரே வழி, அவன் உயிரோடிருக்கும்போதே அவன் பங்கை ஜப்தி செய்துவிடுவது. 1879இல் சூரஜ்பன்சி வழக்கில் பிரிவி கவுன்சில், உயிரோடிருக்கையில் ஜப்தி நடந்துவிட்டிருந்தால் பின்னர் நேர்ந்த மரணம் அதை அழிக்காது என்று தெளிவாக்கியது. ஆகவே கூட்டுக் குடும்பத்தில் ஒருவர் நோயில் விழுந்தால் வைத்தியர் முந்துவாரா, அமீனா முந்துவாரா என்ற ஓட்டப் பந்தயத்துக்கு இடம் உண்டாயிற்று. ஒரே நாள் வேறுபாட்டில் ஒருவர் பணம் முழுவதும் கிடைக்கலாம், முழுவதும் போகலாம்.

தந்தையைப் பொறுத்தவரை அவ்வேறுபாடும் இல்லை. 1923இல் பிரிஜ் நாராயண் வழக்கில் கொள்கைகளைத் தொகுத்துரைத்த பிரிவி கவுன்சில், கடன் பட்ட தந்தை உயிரோடிருக்கிறாரா இறந்துவிட்டாரா என்பது விளைவை மாற்றாது என்றே கூறியது.

இனி, டிக்ரியைக் கையில் வைத்திருப்பவர் செய்ய வேண்டியது என்ன என்பதைப் பார்ப்போம். இந்தியாவில் வழக்காடுகிறவனின் துன்பம் டிக்ரி கிடைத்த பிறகே தொடங்குகிறது என்னும் கருத்தைப் பிரிவி கவுன்சில் 1872இலேயே வெளியிட்டது. அத்துன்பத்தைக் குறைக்கும் நோக்கத்தோடு 1859இல் தோன்றி, பன்முறை திருத்தப்பட்டு, 1908இல் இன்றைய உருவம் பெற்றது உரிமையியல் நடைமுறைச் சட்டம்.

அச்சட்டம் மரணத்தை மூன்று கட்டங்களில் சந்திக்கிறது. வழக்கு நடக்கும்போதே பிரதிவாதி இறந்தால், 90 நாளைக்குள் அவருடைய வாரிசுகளை வழக்கில் சேர்க்கக் கோர வேண்டும். தவறினால் அவரைப் பொறுத்தவரை வழக்கு அற்றுப்போகும். விசாரணை முடிந்து, தீர்ப்புச் சொல்வதற்கு முன் இறந்தால் தடையில்லை. அவர் உயிரோடிருக்கும்போதே சொன்னதாகத் தீர்ப்புக்கு வலிமை உண்டு. டிக்ரிக்குப் பின் இறந்தாலோ, வழக்கு அற்றுப்போகும் என்ற பேச்சுக்கே இடமில்லை. டிக்ரி உயிரோடிருக்கிறது. பணம் பெறும் டிக்ரிக்குரிய 12 ஆண்டுக் காலவரம்பு ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்குள் டிக்ரிதாரர் இறந்தவரின் சட்டப் பிரதிநிதிகளைக் குறிப்பிட்டு நிறைவேற்று மனுப் போட வேண்டும். அவர்களுக்கு முதலில் அறிவிப்பு அனுப்பப்படும். இறந்தவரின் பொருளில் உரிமையின்றிக் கைவைத்து எடுத்தவரும் சட்டப் பிரதிநிதி என்ற சொல்லில் அடங்குவார்.

இச்சட்டத்தின் 50ஆவது பிரிவுதான் நம் கேள்விக்கு நேர் விடை. சட்டப் பிரதிநிதி, தம் கைக்கு வந்து, முறையாகச் செலவிடப்படாமல் இருக்கும் இறந்தவரின் சொத்து அளவுக்கே பொறுப்பு. அந்த அளவைக் காண, கணக்குக் காட்டும்படி நீதிமன்றம் அவருக்குக் கட்டளையிடலாம். ஓர் உதாரணம் கூறுகிறேன். தந்தைமேல் 10,000 ரூபாய்க்கு டிக்ரி. அவர் விட்டுச் சென்றது 6,000 ரூபாய் பெறுமான ஒரு வீடு. டிக்ரிதாரர் அந்த வீட்டை ஜப்தி செய்து ஏலத்துக்குக் கொண்டுவரலாம். எஞ்சிய 4,000 ரூபாய்க்காக மகனின் சம்பளத்தையோ, அவன் உழைத்து வாங்கிய வீட்டையோ தொட முடியாது. ஆனால் தந்தையின் வீட்டை மகன் விற்றுத் தன் சுகத்துக்குச் செலவிட்டிருந்தால், அந்த 6,000 ரூபாய்க்கு அவன் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

இந்து மகனுக்கென்று 53ஆவது பிரிவு ஒன்று 1908இல் புதிதாகச் சேர்க்கப்பட்டது. அதற்கு முன், மகன் கையிலுள்ள பரம்பரைச் சொத்தின்மேல் தந்தையின் டிக்ரியை அப்படியே நிறைவேற்றலாமா, மகன்மீது தனி வழக்குத் தொடுக்க வேண்டுமா என்று நீதிமன்றங்கள் வேறுபட்டன. கடனுக்கு உட்பட்ட அச்சொத்து இறந்தவரின் சொத்தாகவே கருதப்படும் என்று அப்பிரிவு அக்குழப்பத்தைத் தீர்த்தது.

எதை ஜப்தி செய்யலாகாது என்பதையும் அதே சட்டம் 60ஆவது பிரிவில் கூறுகிறது. உடுக்கும் துணி, சமைக்கும் பாத்திரம், படுக்கை, கைவினைஞனின் கருவி, உழவனின் ஏர்முதலிய சாதனங்கள், சமய வழக்கப்படி ஒரு பெண் கழற்றக்கூடாத அணிகலன் ஆகியவற்றின்மேல் அமீனா கைவைக்க முடியாது. துக்கம் நடந்த வீட்டின் வாயிலில் வந்து நிற்கும் சட்டம், அடுப்படிக்கு இப்பால் நின்றுகொள்கிறது.

இறந்தவருக்குக் கடன் பல இருந்து, சொத்தை உயில்படியோ நீதிமன்ற நியமனப்படியோ ஒருவர் நிர்வகித்தால், 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் வரிசை வகுத்திருக்கிறது. தகுதிக்கேற்ற ஈமச் செலவும், கடைசி நோயின் மருத்துவச் செலவும், இறப்பதற்கு முந்திய ஒரு மாதத்து உணவு உறையுள் செலவும் எல்லாக் கடன்களுக்கும் முற்பட்டவை. பிறகு நிர்வாகத்துக்கான நீதிமன்றச் செலவு. பிறகு கடைசி மூன்று மாதத்தில் வேலை செய்த கூலியாள், கைவினைஞன், வீட்டுப் பணியாள் ஆகியோரின் ஊதியம். அதற்கப்பால் கடன்காரர் எல்லாரும் விகிதப்படி சமம். உயிலில் கொடை பெற்றவர்கள், கடன் தீரும்வரை காத்திருக்க வேண்டும். பாத்திரம் துலக்கிய பணிப்பெண்ணின் மூன்று மாதக் கூலிக்குப் பின்னரே இலட்சம் கொடுத்த தனவந்தர் வர முடியும் என்பதைக் கவனியுங்கள்.

சாத்திரத்தின் முதற் குரலுக்கு முடிவு வந்தது நம் காலத்தில். கேரளம் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்துக் கூட்டுக் குடும்ப முறையையே நீக்கி, அதனோடு மகனின் அறக் கடமைக் கொள்கையையும் நீக்கியது. நாடு முழுமைக்கும் 2005ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் அதைச் செய்தது. 2005 செப்டம்பர் 9ஆம் நாளுக்குப் பின் பட்ட கடனுக்கு, மகன், பேரன், கொள்ளுப்பேரன் என்ற உறவின் அறக் கடமையை மட்டும் காட்டி எந்த நீதிமன்றமும் அவர்கள்மேல் நடவடிக்கைக்கு இடம் கொடாது. அதற்கு முன் பட்ட கடன்களுக்குப் பழைய விதியே நிற்கும்.

அச்சட்டம் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்பால் பங்கு தந்தது என்பது யாவரும் அறிந்தது. கடனைப் பற்றிய மாற்றம் அந்த அளவு பேசப்படவில்லை. பங்கு இருவர்க்கும் சமமாகும்போது, பாரம் மட்டும் மகனுக்கு என்று எப்படி வைத்திருக்க முடியும்? மேலும் அதே சட்டம், இறந்தவரின் பங்கு பிழைத்திருப்பவர்களோடு கலந்து மறையும் பழைய முறையையும் ஒழித்தது. இன்று அப்பங்கு உயில்படியோ வாரிசுமுறைப்படியோ இறங்குகிறது. எனவே அது கணக்கிடக்கூடியது; இறந்தவரின் சொத்தென்று சுட்டக்கூடியது. ஒரு கையால் மகனின் தோளிலிருந்து கடமையை இறக்கிய சட்டம், மறு கையால் இறந்தவரின் பங்கைக் கடன்காரரின் கண்முன் கொணர்ந்து வைத்திருக்கிறது.

இதில் யார் வென்றார், யார் தோற்றார் என்று நான் கணக்குப் போடவில்லை. நேர்மையாகக் கொடுத்தவன், வாங்கியவன் மாண்டான் என்பதற்காகத் தன் பொருளை இழப்பது நீதியன்று. ஒரு ரூபாயும் பெறாத பிள்ளை, தான் வாங்காத கடனுக்காக வாழ்நாள் முழுவதும் உழைப்பதும் நீதியன்று. யாக்ஞவல்கியர் சொன்ன இரண்டாவது சொல், பொருளை எடுத்தவன் கடனைத் தருக என்பது, இவ்விரண்டு அநீதிகளையும் ஒருங்கே விலக்குகிறது. அதை முழுமையாக ஏற்க நமக்குப் பல நூற்றாண்டுகள் ஆயின.

ஆயினும், சட்டம் விட்டுவிட்ட கடனைத் தாமாகவே வந்து கொடுத்துவிட்டுப் போகும் பிள்ளைகளை நம் ஊர்களில் இன்றும் காணலாம். எந்த அமீனாவும் அவர்களைத் தேடிச் சென்றதில்லை. சாத்திரம் அறக் கடமை என்று பெயரிட்டது அதைத்தான். கட்டாயத்திலிருந்து விடுபட்ட பின்னரே அது மீண்டும் அறமாயிற்று.